பத்தாயமும் போனும்: பூதலூரிலிருந்து 17 குறிப்புகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்தாயம் இன்னும் இருக்கிறது. இப்போது அதில் நெல்லைவிடப் பழைய சாக்கும் பம்புசெட் சாமானும்தான் அதிகம். மாமனார் இருந்தவரை எந்த அறையில் விதைநெல், எதில் சாப்பாட்டு நெல், எதில் கூலிக்கு அளக்கும் நெல் என்று கரண்ட் போன ராத்திரியிலும் அவர் கை சரியான இடத்தில் போய் நிற்கும்.

என் போன் அப்படி இல்லை. சில வருடம் முன்னால், சம்பா அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டுக் காத்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது அடங்கலைக் கேட்டார்கள். "உன் போன்லதானே இருக்கு?" என்றார் வீட்டுக்காரர். இருந்தது. 'காலை வணக்கம்' ரோஜாப்பூ, நாத்தனார் பேரன் காதுகுத்து, யாரோ யாருக்கோ அனுப்பிய மூட்டுவலித் தைலம் எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. நான் தேடி எடுப்பதற்குள் பின்னால் நின்ற இரண்டு பேர் எடை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தார்ப்பாயை இழுத்து மூடினார்.

அதே மாதம் அவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக ரத்தப் பரிசோதனை சொன்னது. இரண்டு கவலையையும் ஒரே நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தேன். செய்து பார்த்து, ஒத்துவராததை அடித்துவிட்டு, மிச்சமானவை இவை. நோட்டில் இருந்த வரிசையிலேயே தருகிறேன். போனும் சோறும் கலந்துதான் வரும்.

1. போன் கேலரியில் 'வயல்' என்று ஓர் ஆல்பம் திறந்து சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் ஆகிய நான்கையும் அதில் போட்டு வையுங்கள். நெல் கொள்முதல், பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன் என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது ஏறக்குறைய இந்த நான்கைத்தான். காகிதத்தைப் பகல் வெளிச்சத்தில் தரையில் வைத்து, நேர் மேலே இருந்து படம் எடுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் நம் தலை நிழல் சர்வே எண் மேலேயே விழும். எனக்கு விழுந்திருக்கிறது. இந்த ஆல்பத்துக்குள் உர ரசீது, கல்யாணப் பத்திரிகை எதையும் விடாதீர்கள். ஐந்தாவது படம் வந்தால் ஐம்பதாவதும் வந்துவிடும்.

2. அடங்கல் பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் படத்துக்குப் பெயர் வைக்கும்போது பசலியையும் போகத்தையும் சேர்த்து வையுங்கள்: 'அடங்கல் 1435 சம்பா' என்பது போல. பசலி ஆண்டு ஜூலை 1-ல் பிறக்கிறது. அன்றைய ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் பசலி வந்துவிடும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை 1434, அதற்கு அடுத்தது 1435. புதிய அடங்கல் கைக்கு வந்த அன்றே பழையதை அழித்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் அவசரத்துக்குப் பழையதுதான் முதலில் அகப்படும்.

3. சிட்டா நகல் தொலைந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது சர்வே எண் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். சிக்கல் எங்கே என்றால், பட்டா எண்ணே வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. ஓர் அட்டையில் பட்டா எண், சர்வே எண், உட்பிரிவு, மின் இணைப்பு எண், கேஸ் நுகர்வோர் எண், ரேஷன் அட்டை எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எங்கள் வீட்டு அட்டையை எழுதியது ஒன்பதாவது படிக்கும் என் மகள். இந்த ஒரே அட்டையால் இ-சேவை மையத்துக்குப் போகும் நடை பாதியாகக் குறைந்தது.

ஓட்டுநர் உரிமம், வண்டி ஆர்.சி., பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றுக்கு டிஜிலாக்கர் போதும். 2015-ல் மத்திய அரசு தொடங்கியது. அதில் அந்தந்தத் துறை நேரடியாகத் தரும் ஆவணத்துக்கு அசலுக்குள்ள மதிப்பு உண்டு. நாமே படம் எடுத்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் போலீஸ் சோதனையில் வாதாடுகிறவர்கள் நிறைய.

4. இனி சோறு. முதலில் ஒரே ஒரு நாள் மட்டும், வீட்டில் உள்ளவர்கள் சாப்பிடும் அரிசியைச் சமைப்பதற்கு முன் தராசில் நிறுத்துப் பாருங்கள். இட்லி மாவுக்குப் போட்டது, மதியம் உலையில் போட்டது, ராத்திரி தோசைக்குப் போனது எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படும் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்தே 250 கிராம்தான். எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் 450-ஐத் தொட்டது. "வயல்ல எறங்கற ஆளு, சாப்ட்டா என்ன?" என்றார் அத்தை. நாற்று விட்டு, அண்டை வெட்டி, நாள் முழுக்கச் சேற்றில் நின்ற காலத்துக்கு அந்தக் கேள்வி சரி. இப்போது உழவுக்கு டிராக்டர், நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின். வரப்பில் நின்று போன் பேசுவதற்கு அவ்வளவு சோறு எதற்கு?

இந்த நிறுவனத்தின் கதையே அரிசிச் சோற்றில்தான் தொடங்குகிறது. 1918-ல் குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரே அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் பின்னால் ஹைதராபாத்துக்குப் போய் இப்படி வளர்ந்தது. தவிட்டை முழுக்கத் தீட்டிவிட்ட வெள்ளை அரிசியையே நம்பியிருப்பவர்களுக்கு பி1 சத்துக் குறைவால் வரும் நோய் அது. அவரே 1920-களில் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலி முதலிடம். கடைசி இடம் எது தெரியுமா? மதராஸ் சாப்பாடு. நூறு வருடம் ஆகியும் நம் தட்டு பெரிதாக மாறவில்லை.

புழுங்கல் அரிசிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பாட்டிகள் அண்டாவில் அவித்துக் களத்தில் காயவைத்தது வீண் வேலை அல்ல. பச்சரிசியைப் பொங்கலுக்கும் கொழுக்கட்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. வாட்ஸ்அப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அமைப்புகளில் 'சேமிப்பகமும் தரவும்' என்ற இடத்துக்குப் போனால் மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என மூன்று வரி இருக்கும். மூன்றிலும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். பிறகு 'அரட்டைகள்' பகுதியில், கேலரியில் மீடியா தெரிவதையும் அணைத்துவிடுங்கள். வேண்டிய படத்தைத் தொட்டால் அது மட்டும் இறங்கும். இந்தப் பதினேழில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

6. அமாவாசைக்கு முதல் நாள் விளக்கு தேய்க்கிறோம் அல்லவா, அன்றே போனையும் தேய்த்துவிடுங்கள். வாட்ஸ்அப் சேமிப்பக நிர்வாகத்தில் 'பலமுறை முன்னனுப்பப்பட்டவை', '5 எம்பிக்கு மேல்' என்று அதுவே பிரித்து வைத்திருக்கும். பலமுறை சுற்றி வந்ததை ஒன்றுகூடப் பார்க்காமல் மொத்தமாக அழிக்கலாம். இதுவரை எனக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றும் அதற்குள்தான் அடங்க வேண்டும். முன்பு ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் பேக்கப் இந்தக் கணக்கில் சேராது. 2024 முதல் அதுவும் சேர்கிறது. "இடம் தீர்ந்துவிட்டது, பணம் கட்டுங்கள்" என்று செய்தி வந்தால் உடனே கட்டிவிடாதீர்கள்; பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்க வேண்டாம் என்று மாற்றிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

7. தட்டில் பாதி காயும் பழமும், மிச்சப் பாதியில் சோறு, பருப்பு, மற்றதெல்லாம். அதே வழிகாட்டி ஆளுக்கு 400 கிராம் காய்கறி, கீரையும் சேர்த்து, சாப்பிடச் சொல்கிறது. நாலு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கேட்டதும் எனக்கும் மலைப்பாக இருந்தது. தஞ்சாவூர் உழவர் சந்தைக்குப் போய் வந்த அன்று வேண்டுமானால் முடியும், தினமும் எப்படி?

வழி வீட்டைச் சுற்றியே இருந்தது. கொல்லையில் முருங்கை. வாய்க்கால் கரையில் பொன்னாங்கண்ணி, வல்லாரை. சாக்கடை கலக்கும் இடத்தில் முளைத்ததை மட்டும் பறிக்காதீர்கள். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் முழுக்க வாழை. தார் வெட்டியபின் தண்டும் பூவும் மலிவாகக் கிடைக்கும். கொடிக்காலில் வெற்றிலை படர அகத்தி நடுகிறார்கள், அந்தக் கீரையைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். நம் ஆட்கள் இவற்றை விட்டுவிட்டு உருளைக்கிழங்கை இரண்டு கிலோ வாங்கி வந்து 'காய் வாங்கிட்டேன்' என்பார்கள். சோற்றுக்கு உருளைக்கிழங்குப் பொரியல் தொட்டுக்கொள்வது, சோற்றுக்குச் சோறு தொட்டுக்கொள்வதற்குக் கொஞ்சம்தான் மேல்.

8. வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே செய்தி அனுப்பிக்கொள்ளலாம். 2022 கடைசியில் வந்த வசதி இது. அதை மேலே பின் செய்து வைத்து, மளிகைப் பட்டியலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கடுகு தீர்ந்த நிமிடமே 'கடுகு' என்று போட்டுவிட வேண்டும். கையெல்லாம் மாவாக இருந்தால் குரல் பதிவு. கடைக்குப் போகிறவருக்கு அப்படியே முன்னனுப்பி, வாங்கி வந்ததும் அழித்துவிடுங்கள். குறிப்பேடு, நினைவூட்டி என்று ஏழெட்டுச் செயலி போட்டுப் பார்த்தவள் நான். எல்லாம் மூன்றாம் வாரம் மறந்துபோனது. தினம் நூறு தடவை திறக்கும் இடத்தில் இருப்பதுதான் நிற்கிறது.

9. பருப்பு, பயறு ஆளுக்கு 85 கிராம் என்கிறது வழிகாட்டி. சாம்பாரில் கரைந்துபோகும் ஒரு கைப்பிடித் துவரம்பருப்பு அந்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே வராது. டெல்டாக்காரர்களுக்கு இதில் சாக்குச் சொல்ல இடமில்லை. சம்பா, தாளடி அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள் ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்து, உழவில்லாமல் எடுக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அறுவடை மெஷின் வந்தபின் கொஞ்சம் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. அப்படி எடுத்ததை மூட்டையோடு விற்றுவிட்டு, கடையில் பாக்கெட் உளுந்து வாங்குகிறோம். இனி ஒரு மரக்காலாவது வீட்டுக்கு நிறுத்துங்கள். வேப்பிலைச் சருகு போட்டுக் காற்றுப்புகாத டின்னில் வைத்தால் வருடத்துக்கும் வரும். சாயங்காலம் மிக்சர் தட்டு இருந்த இடத்தில் பச்சைப்பயறுச் சுண்டல். வாரம் ஒருநாள் கறுப்பு உளுந்தங்கஞ்சி.

10. நெல் பணம் வந்து விழும் வங்கிக் கணக்கை யுபிஐ-யோடு இணைக்காதீர்கள். வேறொரு கணக்கு தொடங்கி, அதில் மாதச் செலவுக்கு மட்டும் இரண்டாயிரம், மூன்றாயிரம் போட்டு அதிலிருந்து ஸ்கேன் செய்யுங்கள். போனது போனாலும் அதோடு நிற்கும்.

பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது 'பின் நம்பர் போடுங்கம்மா, பணம் வந்துடும்' என்றால் போவது நம் பணம். போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினால் அணைத்துவிடுங்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்காமல் உடனே 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. லாட்ஜ், கூரியர் என்று ஆதார் நகல் கேட்கும் இடங்களில், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்.

11. எண்ணெய் டின்னைத் திறக்கும் அன்று தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். மாதத்துக்கு 810 கிராம். நாலு பேர் வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். ஐந்து லிட்டர் டின் நாற்பது நாளாவது வர வேண்டும். எங்கள் வீட்டில் முதல் டின் இருபத்தாறு நாளில் காலி. யாரையும் திட்டாமல் டின்னை மட்டும் நடுக்கூடத்தில் வைத்தேன். ராத்திரி பஜ்ஜி கேட்பது தானாகக் குறைந்தது.

12. காலை எழுந்ததும் 'இன்னிக்கு என்ன?' என்ற கேள்விதான் சமையலில் பாதி அலுப்பு. ஏழு நாளுக்கும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டேன். எங்கள் வீட்டுத் தாள் இப்படி: திங்கள் முருங்கைக்கீரைப் பொரியல், பருப்பு ரசம். செவ்வாய் தட்டைப்பயறு போட்ட கத்திரிக்காய்க் குழம்பு. புதன் மீன் குழம்பு, வாழைத்தண்டுப் பொரியல். வியாழன் மோர்க்குழம்பு, பீர்க்கங்காய்த் துவையல். வெள்ளி சாம்பார், வாழைப்பூக் கூட்டு. சனி கொள்ளு ரசம், பொன்னாங்கண்ணி. ஞாயிறு வீட்டின் இஷ்டம். விருந்தாள் வந்தால் தாள் தோற்கும், பரவாயில்லை. முதல் நாள் ராத்திரியே எதை ஊறவைக்க வேண்டும் என்று தெரிந்துவிடுவதுதான் இதில் பெரிய லாபம். பயறை ஊறவைக்க மறந்த நாளில்தான் உருளைக்கிழங்கு உள்ளே நுழைகிறது.

13. தண்ணீர் வருவது நம் கையில் இல்லை. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆனது. கல்லணை எங்கள் பூதலூர் வட்டத்திலேயே இருக்கிறது என்பதற்காக எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதில்லை. ஆனால் காகித வேலைக்குத் தேதி உண்டு. சம்பா காப்பீட்டுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15 கடைசி. நீட்டிப்பார்கள் என்ற நம்பிக்கையில் இருக்காமல் போன் காலண்டரில் அக்டோபர் 25-க்கே மணியடிக்க வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், எல்.ஐ.சி. பிரீமியம் எல்லாவற்றுக்கும் அப்படியே. அத்தைக்குப் போன் மணி அடித்தால் பயம். அவருக்காக அதே தேதிகளைச் சுவரில் தினசரி காலண்டரிலும் பேனாவால் வட்டமிட்டு வைக்கிறேன்.

14. உப்பு ஆளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு நான்கும் ஒரே சாப்பாட்டில் வேண்டாம், நாளைக்கு ஒன்று. சர்க்கரை 25 கிராமுக்குள். இரண்டு கரண்டி போட்ட காபி நான்கு குடித்தாலே அது 40-ஐத் தொட்டுவிடும். வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்துக்கொண்டே வாருங்கள். நாட்டுச் சர்க்கரைக்கும் இதே கணக்குதான்.

15. மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி பற்றிக் கேட்பீர்கள். இயற்கை வேளாண்மைக்காக ஊர் ஊராய் நடந்த நம்மாழ்வார் 1938-ல் பிறந்த இளங்காடு, இங்கே திருக்காட்டுப்பள்ளிப் பக்கம்தான். நெல் ஜெயராமன் 2018-ல் காலமாகும் வரை திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீண்டும் வயலுக்குக் கொண்டு வந்தார். இரண்டு பேர் மேலும் எனக்குப் பெரிய மரியாதை. வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டிலும் மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சிதான். ஆனால் அதுவும் அரிசிதான். கிலோ நூறு ரூபாய்க்கு வாங்கினோம் என்பதற்காக மூன்று தட்டு சாப்பிட்டால் சர்க்கரை தள்ளுபடி தராது. அளவு மாறாமல் ரகத்தை மட்டும் மாற்றுங்கள்.

16. சாப்பிடும் இடத்துக்குப் போன் வரக் கூடாது. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடி இருக்கும் அலமாரித் தட்டுதான் போன்களுக்கு இடம். கிரிக்கெட் இருக்கும் நாளில் அவர் விலக்குக் கேட்பார், கிடைக்காது. என் மகன் காலைப் பாசஞ்சரில் திருவெறும்பூர் வரை வேலைக்குப் போகிறவன். வீட்டில் வைத்த அதே சட்டம் ரயிலில் செல்லுபடியாகாது என்பது எனக்குத் தெரியும். அதனால் அவன் டப்பாவில் கையால் உரித்துச் சாப்பிட வேண்டியதாகப் பார்த்து வைக்கிறேன்: வேர்க்கடலை அவித்தது, பூவன் பழம், முட்டை. கை அழுக்கானால் போனைத் தொட மாட்டான். டிக்கெட்டை முன்னாலேயே செயலியில் எடுத்துவிடுவதால் கவுண்டரில் ஓடுகிற ஓட்டமும், அந்த அவசரத்தில் டப்பாவை மறந்துவிட்டுப் போவதும் நின்றன.

17. கடைசியாக, பெரியவர்களுக்காக. அத்தை போனின் முதல் திரையில் எங்கள் நாலு பேர் படத்தை மட்டும் வைத்திருக்கிறேன், தொட்டால் கூப்பிடும். ஓரத்தில் 108. அவருடைய ரத்த அழுத்த மாத்திரையின் அட்டை, கடைசி மூன்று பரிசோதனைத் தாள் ஆகியவற்றின் படங்கள் 'அத்தை' என்ற தனி ஆல்பத்தில் வீட்டில் உள்ள எல்லார் போனிலும் இருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே வந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் பெயர் அதில் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு காகிதமும் வேண்டும். உங்கள் போனின் பூட்டு எண், எந்தெந்த வங்கியில் கணக்கு, வாரிசுதாரராக யார் பெயர் இருக்கிறது, எல்.ஐ.சி. பாலிசி எண், எந்த மின்னஞ்சலில் எல்லாம் பதிவாகியிருக்கிறது என்று கையால் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். யுபிஐ பின், ஏடிஎம் பின் எழுத வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவர் திடீரென்று காலமானபோது, போனைத் திறக்கத் தெரியாமல் அவர் மனைவி ஐந்து மாதம் அலைந்தார். அந்த அக்காவைப் பார்த்த பிறகுதான் நான் எழுதினேன். உறை இருக்கும் இடத்தை இரண்டு பேருக்குச் சொல்லிவையுங்கள். எழுதிய தேதியைக் கீழே போடுங்கள். வருடா வருடம் ஆடிப்பெருக்கு அன்று, ஆற்றங்கரையிலிருந்து வந்து சித்திரான்னம் சாப்பிட்டு முடித்ததும், பிரித்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள்.